பொறிக்கு ஏர் பூட்டுவோர்

(கலைச்சொல்லாக்கப் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

கணிப்பொறி நூலொன்றில் பயிலும் ஆங்கிலத் தொடரை அகரமுதலியின் துணைகொண்டு மட்டும் ஒருவர் தமிழாக்க முற்படின், 'பேருந்துக் கருவி ஓட்டுநர்' என்று எழுதிவிடுதல் கூடும். படிப்போர் நகைப்பர். 'தமிழில் அறிவியல் வாராது' என்பார்க்கு அஃது ஒரு விருந்தாகவும் அமையும். ஆயின் அந்நகைப்பைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். பெயர்த்தவர் சொல்லை அறிந்தார், பொருளை அறியவில்லை. நகைத்தவரோ பெரும்பாலும் இரண்டனையும் அறியார். அயற்சொல்லை ஒலித்துப் பழகிய பழக்கத்தையே அறிவென்று மயங்கியிருப்பார். பொருளின் தொழிலை அறிந்தாலன்றிப் பொருட்குப் பெயரிட இயலாது. ஆகலின், இன்று சொல்லாராய்ச்சிக்கு முன்னதாகப் பொருளாராய்ச்சியே நிகழும்.

'க்கும்' என்னும் வால்

இலத்தீன் மொழியில் 'ஆம்னிபசு' என்றால் 'எல்லார்க்கும்' என்பது பொருள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு நாட்டில், கூலி கொடுத்தார் எவரும் ஏறிச் செல்லத்தக்க குதிரை வண்டிகட்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர் ஆங்கிலர் அச்சொல்லின் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். எஞ்சிய வாலோ ஒரு பெயர்ச்சொல்லும் அன்று; நான்காம் வேற்றுமையின் உருபு மட்டுமே. தமிழில் 'எல்லார்க்கும்' என்பதனுள் 'க்கும்' என்பதை மட்டும் பிரித்தெடுத்து, "க்கும் வருகிறது, ஏறிக்கொள்" என்று கூறுவதனோடு இஃது ஒக்கும்.

அவ்வாலே பின்னர் மின்துறைக்குட் புகுந்தது. பல கிளைகட்கு மின்னோட்டத்தைப் பகிர்ந்தளிக்கும் செம்புச் சட்டத்தைக் குறித்தது. அதன்பின் கணிப்பொறிக்குள் நுழைந்து, பல சில்லுகட்குப் பொதுவாய் அமைந்து செய்தியைக் கொண்டு செல்லும் கம்பித்தொகுதியைக் குறிக்கலாயிற்று. மூன்றிடத்தும் அடிக்கருத்து ஒன்றே: எல்லார்க்கும் பொதுவான வழி. அப்பொருளை உணர்ந்தோர் தமிழ்க் கலைச்சொற்றொகுப்புகளில் அதனைப் 'பாட்டை' என்றனர். ஊர்ப்பொதுவான வழியைப் பாட்டை என்பது மக்கள் வழக்கு. பொருளை அறிந்து இட்ட பெயர் ஆகலின் அது பொருந்தி நிற்கின்றது. அவ்வழியிற் செய்தியைச் செலுத்தியும் பெற்றும், ஒவ்வொரு கருவியையும் அதற்குரிய முறையால் இயங்கச் செய்யும் மென்பொருட் பகுதி 'இயக்கி' எனப்படும். எனவே 'பாட்டை இயக்கி' என்பதே உரிய தொடராகும். பேருந்துக்கும் ஓட்டுநர்க்கும் ஈண்டு வேலை இல்லை.

தொடக்க ஏற்றி

ஒரு கணிப்பொறிக்கு மின்னூட்டிய கணத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. பெரிய நினைவகம் இன்னும் விழித்தெழவில்லை; வட்டு எங்குளது, திரை எங்குளது என்பதும் தெரியாது. இந்நிலையில் முதற்கண் எழுந்து, ஏனைய உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பி, இறுதியில் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதன் கையில் ஒப்படைத்து விலகும் சிறு மென்பொருளே தொடக்க ஏற்றி. தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் கருத்தினின்று ஆங்கிலர் இதற்குப் பெயரிட்டனர். தமிழில் இதனைத் 'துவக்க ஏற்றி' என்று எழுதுவாரும் உளர். 'தொடக்கம்' என்னும் செவ்விய வடிவம் இருக்க, அதன் திரிபை நாட வேண்டுவதில்லை. மேலும் ஈழத்தமிழர் வழக்கில் 'துவக்கு' என்பது சுடுகருவியைக் குறிக்கும். ஒரு கலைச்சொல் தமிழர் வாழும் நிலமனைத்திலும் ஒரே பொருள் தர வேண்டுமாதலின் 'தொடக்க ஏற்றி' என்பதே தக்கது.

இவ்வேற்றிகளுள் உலகெங்கும் பரவியது 'யூ-பூட்டு' என்பதாகும். பவர்பிசி வகைச் சில்லுகட்காக மாக்னசு தாம் என்பார் எழுதிய ஒரு சிறு நிரலே இதன் வித்து. 1999-இல் செருமானியப் பொறிஞர் வூல்பகாங்கு தெங்கு அதனைப் பொதுவிடத்திற்குக் கொணர்ந்து வளர்க்கலானார். எண்ணில் தொடங்கும் பெயரை அப்பொதுவிடம் ஏற்காமையின் 'பிபிசி-பூட்டு' எனப் பெயர் மாற்றினார். பல்வகைச் சில்லுகளுக்கும் அது விரிந்தபின், 2002ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இன்றைய பெயரைப் பெற்றது. செருமானிய மொழியில் 'ஊ-போட்டு' என்பது நீர்மூழ்கிக் கப்பலைக் குறிக்கும். உலகனைத்துக்கும் உரிய கருவிக்கு ஒருவர் தம் தாய்மொழியிற் பெயரிட்டார். அதனால் அக்கருவியின் பரவல் குன்றவில்லை. ஆங்கிலரும் சீனரும் சப்பானியரும் அப்பெயரையே வழங்குகின்றனர். தாய்மொழிப் பெயர் அறிவியலுக்குத் தடை என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக. தெங்கு அவர்கள் 2012-இல் தலைமைப் பொறுப்பைத் தாம் இரினி என்பாரிடம் ஒப்படைத்து, 2022-இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணியோ நின்றுவிடவில்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவந்தவண்ணம் உள்ளது.

இருகம்பிப் பாட்டை

பாட்டைகள் பலவகைப்படும். ஈண்டு ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது தெளிவு தரும். 1982-இல் ஒல்லாந்து நாட்டுப் பிலிப்சு நிறுவனத்தார் வகுத்தது 'ஐ-இரண்டு-சி' என்பது. இரண்டே கம்பிகளால் ஆயது ஆகலின் அதனை இருகம்பிப் பாட்டை எனலாம். ஒரு கம்பியில் தரவு செல்லும். மற்றொன்றில் தாளம் செல்லும். தாளத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு துண்டு தரவு நகரும். நொடிக்கு 1,00,000 துடிப்பு என்பது அதன் தொடக்கக் கால விரைவு. பின்னர் 4,00,000-உம் அதற்கு மேலும் வகுக்கப்பட்டன.

பாட்டையில் தொங்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஏழு துண்டு கொண்ட முகவரி உண்டு. ஏழு துண்டுகளால் 128 முகவரிகள் அமையும். அவற்றுள் 16 சிறப்புப் பயன்களுக்கு ஒதுக்கப்பட்டமையால் 112 எஞ்சும். தலைமைச் சில்லு ஒரு முகவரியை விளிக்கும். அம்முகவரிக்குரியது தரவுக் கம்பியைத் தாழ இழுத்து 'உளேன்' என்று விடை பகரும். எவரும் விடை தராவிடின் கம்பி உயர்ந்தே நிற்கும். ஆசிரியர் வருகைப்பதிவில் பெயர் விளிப்பதும் மாணவர் 'உள்ளேன் ஐயா' என்பதும் இதற்கு நல்ல ஒப்புமை.

இத்துணைச் சிறு பாட்டையைத் தொடக்க ஏற்றி ஏன் பொருட்படுத்த வேண்டும்? ஒரு நிகழ்ச்சியால் அது விளங்கும். பல கணிப்பொறிகளில் நினைவகம் தனித் தகடாகச் செருகப்படுகின்றது. அத்தகடு எவ்வளவு பெரியது, எவ்விரைவில் இயங்கவல்லது என்னும் குறிப்புகள் தகட்டின்மேலேயே ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டுள்ளன. அச்சில்லு இருகம்பிப் பாட்டையில், பெரும்பாலும் பதினாறடிமான எண் 50 முதலாகத் தொடங்கும் முகவரிகளில் இருக்கும். பதின்ம எண்ணிற் கூறின் அது 80. நினைவகத்தை எழுப்ப வேண்டுமாயின் முதலில் அக்குறிப்பைப் படித்தல் வேண்டும். அஃதாவது, நினைவகம் எழுமுன்னரே பாட்டை இயக்கி எழுந்து வேலை செய்தாக வேண்டும். நெல் விளையுமுன் உழவனுக்குச் சோறு வேண்டும் என்பது போன்ற சிக்கல் இது. முதற்கட்டத்தில் சில்லின் உள்ளேயே அமைந்த மிகச் சிறிய இடத்தை மட்டும் நம்பி அவ்வியக்கி வாழ வேண்டியுளது.

பழைய முறையின் குறை

தொடக்கத்தில் யூ-பூட்டில் இவ்வியக்கிகள் எளிய முறையில் எழுதப்பட்டன. 'படி' என்றொரு செயற்கூறு, 'எழுது' என்றொரு செயற்கூறு, அவ்வளவே. எச்சில்லுக்கு எழுதினும் அப்பெயர்களையே இட்டனர். விளைவு யாது? ஒரு பலகையில் இருவேறு வகையான பாட்டைக் கட்டுப்படுத்திகள் இருப்பின், இருவகை இயக்கிகளையும் ஒருங்கே சேர்க்க இயலாது. ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் போல, யாரை அழைப்பது என்று பொறி திகைத்தது.

ஒரே வகைப் பாட்டைகள் பல இருப்பின், 'இப்பொழுது நடப்பில் உள்ள பாட்டை இத்தனையாவது' என ஓர் எண்ணைப் பொதுவிடத்தில் எழுதிவைத்தனர். ஒரு பகுதி அவ்வெண்ணை மாற்றித் தன் வேலையை முடித்துப் பழைய எண்ணை மீட்டு வைக்க மறந்துவிட்டால், அடுத்த பகுதி வேறொரு பாட்டையிற் போய்த் தவறான சில்லிடம் பேசும். எழுதியவரிடத்துக் குறை காணப்படாது. குறை மற்றோரிடத்து வெடிக்கும். அதனைத் தேடிக் கண்டறிதல் அரிதாயிற்று.

மூன்றாவது குறை இன்னும் நுட்பமானது. தொடக்க ஏற்றி பல பலகைகளில் முதற்கண் அழியா நினைவகத்தில் இருந்தவாறே இயங்கும். பெரிய நினைவகம் எழுந்தபின் தன்னைத்தானே அங்குப் படியெடுத்துக்கொண்டு இடம்பெயரும். இடம்பெயருமுன் நிரலின் பொதுமாறிகளில் எதனையும் எழுதி நம்ப முடியாது. இதனை உணராது எழுதிய இயக்கிகள், பின்னர் நன்றாக இயங்கியும் முன்னர்த் தடுமாறின. நினைவகக் குறிப்பைப் படிக்கவேண்டிய அதே வேளையில்தான் அத்தடுமாற்றம் நிகழ்ந்தது.

திணைவகுத்த நெறி

இக்குறைகளைக் களைய 2012-இல் மாரெக் வசூத் முதலிய சிலர் புதிய இயக்கி நெறி ஒன்றற்குத் திட்டம் வரைந்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு சைமன் கிளாசு என்பார் நடைமுறைக்கு ஏற்ற வடிவத்தை எழுத, 2014-இல் அது யூ-பூட்டிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் இருகம்பிப் பாட்டையும், நாற்கம்பிகளால் இயங்கும் எசு.பி.ஐ. பாட்டையும் அந்நெறிக்குள் வரத்தொடங்கின.

இந்நெறி தமிழ் இலக்கணம் கற்றார்க்குப் புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியர் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிராது திணைவகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய முடிபைக் கூறினார். புதிய சொல்லொன்று பிறப்பினும் அது எத்திணை என்று அறிந்தாற் போதும். அதன் முடிபு தானே விளங்கும். இங்கும் அவ்வாறே. இருகம்பிப் பாட்டைகள் ஓரினம். நாற்கம்பிப் பாட்டைகள் ஓரினம். கடிகைச் சில்லுகள் ஓரினம். ஓரினத்தைச் சேர்ந்த எவ்வியக்கியும் அவ்வினத்துக்குரிய வினைகளை ஆற்றவல்லதாதல் வேண்டும். இருகம்பிப் பாட்டை இனத்துக்கு இன்றியமையாத வினை ஒன்றே: 'இச்செய்திகளை வரிசையாகக் கொண்டு செல்' என்பது. விரைவை மாற்றுதல், முகவரியில் சில்லு உளதா என உசாவுதல் ஆகியன வேண்டுமாயின் சேர்க்கத்தக்கவை. புதிதாக ஒரு கட்டுப்படுத்திக்கு இயக்கி எழுதுவோர் அவ்வொரு வினையைச் செம்மையாக எழுதினாற் போதும்.

அடுத்தது தாய்-சேய் உறவு. பாட்டை தாய், அதிற் தொங்கும் சில்லுகள் சேய்கள். சேயின் இயக்கி தன் தாய் யார், எந்நிறுவனத்தார் செய்த கட்டுப்படுத்தி என்று அறிய வேண்டுவதில்லை. 'படித்துத் தருக' என்று அது கேட்கும். இடைநிற்கும் இனப்பகுதி சேயின் தாயைக் கண்டறிந்து வேலையை ஒப்படைக்கும். பொதுவிடத்தில் எழுதிய 'நடப்பு எண்' என்னும் இடர்ப்பாடு இதனால் ஒழிந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனக்கெனச் சிறு நினைவிடம் அளிக்கப்பட்டமையால், இடம்பெயர்தற்கு முந்திய தடுமாற்றமும் தீர்ந்தது. ஒரு பாட்டையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் கிளைச்சில்லும் ஒரு சேயாகவும், தன் கிளைகட்குத் தாயாகவும் அமைந்தது. முன்னர் ஒவ்வொரு பலகைக்கும் கையால் எழுதிய கிளைமாற்ற நிரல்கள் வேண்டாதனவாயின.

சேய்களை எங்ஙனம் அறிவது? பி.சி.ஐ. பாட்டையில் இது தானே நிகழும். பாட்டைகள் 256, ஒவ்வொன்றிலும் கருவிகள் 32, ஒவ்வொன்றிலும் பணிக்கூறுகள் 8 என்னும் எல்லைக்குள் உசாவிச் சென்றால், இருப்பது தன் அடையாள எண்ணைக் கூறும். இல்லாத இடத்தில் எல்லாத் துண்டுகளும் ஒன்றாய் நிற்கும். யூ.எசு.பி. பாட்டையும் புதிதாகச் செருகிய கருவிக்கு முகவரி வழங்கி அதன் பெயரைக் கேட்டறியும். இருகம்பிப் பாட்டையிலோ ஒரு சில்லு 'உளேன்' எனுமேயன்றி 'இன்னேன்' என்று கூறாது. ஆகலின் பலகையை வடித்தவரே எவ்விடத்தில் எது உளது என எழுதித்தர வேண்டும். அவ்வெழுத்துவடிவே கருவி மரம். 1994-இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 1275 என்னும் பொதுநெறியிலிருந்து வளர்ந்தது அது. மரத்தில் ஒவ்வொரு கிளையிலும் கருவியின் இணக்கப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரையே தன்னிடத்தும் கொண்ட இயக்கி அக்கருவியோடு பிணைக்கப்படும்.

பிணைத்தலும் எழுப்புதலும் வேறு வேறு. தொடக்கத்தில் பிணைப்பு மட்டுமே நிகழும். ஒருவர் கேட்கும்பொழுதே கருவி எழுப்பப்படும். அதற்கு முன் அதன் தாய் எழுப்பப்படும். தொடக்க ஏற்றியின் வாழ்நாள் சில நொடிகளே. தேவையற்றவற்றை எழுப்பி அக்காலத்தை வீணாக்குவதற்கில்லை.

செப்பம் செய்யும் முறை

நெறி வகுத்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. இயக்கியை எழுதுதல் ஒரு பங்கு. செப்பம் செய்தல் ஒன்பது பங்கு.

எடுத்துக்காட்டாக ஒன்று. தலைமைச் சில்லு ஒரு சிறு நினைவுச் சில்லைப் படித்துக்கொண்டிருக்கும் இடைவேளையில் பொறி மீட்டுத் தொடக்கப்படுகின்றது எனக் கொள்க. தலைமைச் சில்லு அனைத்தையும் மறந்து புதிதாக எழும். நினைவுச் சில்லுக்கோ மின்னோட்டம் நிற்கவில்லை. மீட்டுத் தொடக்கும் கம்பியும் அதற்கு இல்லை. அது பாதி விடையை நாவில் வைத்துக்கொண்டு, தரவுக் கம்பியைத் தாழ இழுத்தபடி அடுத்த துடிப்புக்காகக் காத்து நிற்கும். கம்பி தாழ நிற்பதால் தலைமைச் சில்லால் புதிய பேச்சைத் தொடங்க முடியாது. பாட்டை அடைபட்டுவிடும். மீண்டெழுந்த பொறியில் முதற்கண் இயங்குவது தொடக்க ஏற்றியே ஆதலின் இச்சிக்கல் அதன் தலையிலேயே விழுகின்றது.

தீர்வு எளியது, அறிந்தார்க்கு மட்டும் எளியது. தாளக் கம்பியில் ஒன்பது துடிப்புகள் வரை தனியே தருக. எட்டுத் துடிப்புக்குள் எஞ்சிய தரவு தீரும். ஒன்பதாவது, ஒப்புதல் கேட்கும் இடம். அங்கு ஒப்புதல் வாராமையின் சில்லு கம்பியை விடுவிக்கும். பின்னர் நிறுத்தக் குறி காட்டினால் பாட்டை திறந்துகொள்ளும். யூ-பூட்டில் இவ்வடைப்பு நீக்கும் பகுதியும் எழுதப்பட்டுள்ளது. நூலில் படித்தார்க்கு இது தோன்றாது. அடைபட்ட பலகையின்முன் இரவெல்லாம் கண்விழித்தார்க்கே தோன்றும்.

மற்றொன்று காத்திருத்தல். 'விடை வரும்வரை நில்' என்று எழுதப்பட்ட இயக்கி, விடை வாராதவிடத்து என்றென்றைக்குமாக நின்றுவிடும். திரை எழாது, பிழைச்செய்தியும் தோன்றாது; பொறி கல்லாய்விடும். எனவே காத்திருப்பு ஒவ்வொன்றுக்கும் காலவரம்பு இருத்தல் வேண்டும். வரம்பு கடந்தால் இன்ன பிழை எனக் கூறித் திரும்ப வேண்டும். பிழையை மறைத்து 'வென்றேன்' எனத் திரும்பும் இயக்கி, அறியாததை அறிந்ததாகக் கூறும் ஆசிரியனைப் போன்றது.

திருத்தங்கள் யாவும் அனைவரும் காண முன்வைக்கப்படும். எழுதியவர் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்பார். பிறர் ஒவ்வொரு வரியாக ஆராய்ந்து, 'இவ்விடத்தில் பிழைக்குறி விடுபட்டது', 'இப்பெயர் பொருள் தரவில்லை' என எழுதுவர். இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம், சிலவற்றுக்குப் பத்தாம் வடிவம் என்று திருத்தம் தொடரும். ஆராய்ந்தவர் பெயரும், பலகையில் இட்டு இயக்கிப் பார்த்தவர் பெயரும் அத்திருத்தத்தோடு நிலையாகப் பதியும். மணற்பெட்டி எனப்படும் ஒரு சிறப்பமைப்பும் உண்டு. அதில் யூ-பூட்டு முழுவதும் பொதுக் கணிப்பொறியில் ஒரு நிரல்போல் இயங்கும். பாட்டையும் சில்லும் பாவனையாக அமைந்திருக்கும். பலகை வாங்கப் பொருளில்லாத மாணவனும் தன் கணிப்பொறியிலேயே ஒரு பாட்டை இயக்கி எவ்வாறு பிணைகின்றது, எவ்வாறு எழுகின்றது என்று இயக்கிக் காணலாம். இஃது ஏழை மாணவர் உள்ளத்தில் ஆழப் பதிய வேண்டிய செய்தி.

பூட்டா, ஏர் பூட்டா?

'பூட்டு' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இருபொருள் உண்டு. கதவைப் பூட்டுதல் ஒன்று. ஏர் பூட்டுதல் மற்றொன்று. முன்னது தடுப்பது, பின்னது தொடங்குவது. சித்திரையில் உழவர் நல்லேர் பூட்டி ஆண்டின் உழவைத் தொடங்குவர். அயல்மொழிப் பெயரில் இவ்வொலி வந்தது தற்செயலே. சொற்பிறப்புத் தொடர்பு இரண்டற்கும் இல்லை. ஆயினும் தொடக்க ஏற்றியைப் பற்றிய முழுச் சிக்கலும் இவ்விரு பொருட்கும் இடையிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

பொறியில் முதற்கண் எழுவது எதுவோ, அதனைக் கையில் வைத்திருப்பவரே அப்பொறிக்கு உண்மை உடைமையாளர். தொடக்க ஏற்றியின் மூல நிரல் மூடப்பட்டிருப்பின், விலை கொடுத்து வாங்கியவர் வாடகைக்குக் குடியிருப்பவரே. செய்தவர் கைவிட்ட நாளில் பொறியும் பயனற்றுப்போகும். பழுது பார்க்கவோ புதிய இயங்குதளம் ஏற்றவோ வழி இராது. யூ-பூட்டு கட்டற்ற மென்பொருட்குரிய பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளிவருகின்றது. எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பரப்பலாம். மாற்றிப் பரப்புவோர் மாற்றிய மூல நிரலையும் பெறுவோர்க்குத் தர வேண்டும். இவ்வுரிமம் வெறும் தாளன்று. 2004-இல் செருமனியின் மூனிச்சு நகர முறைமன்றம், அதே உரிமத்தின்கீழ் வந்த வேறொரு மென்பொருள் பற்றிய வழக்கில், உரிமத்தின் கட்டுப்பாடு செல்லும் என்றே முடிவு கூறியது. எனினும் நிரல் திறந்திருந்தும், சில்லினுள் மறைகுறியால் தாழிட்டு மாற்றிய நிரலை ஏற்காது தடுக்கும் பொறிகளும் உள. விழிப்பு என்றும் வேண்டுவதே.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், இரிசுக்-ஐந்து என்னும் திறந்த கட்டளைத் தொகுதியின்படி வடிக்கப்பட்ட 'சக்தி' நுண்செயலி, 2018-இல் இலினக்சு இயங்குதளத்தை இயக்கிக் காட்டியது. தமிழ்நிலத்தில் சில்லு வடிக்கும் அறிவு உண்டு என்பதற்கு அது சான்று. ஒரு சில்லு வடித்தால் அதற்குத் தொடக்க ஏற்றி வேண்டும். பாட்டை இயக்கிகள் வேண்டும். அவற்றை எழுதும் இளைஞர் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தும் வருதல் வேண்டும். அவர்கட்கு அவ்வறிவை அவர்தம் மொழியிற் கூறுவார் யார்?

தமிழர் கற்க வேண்டுவன

இவ்விடத்தில் பிறரைக் குறைகூறுமுன் தனித்தமிழ் அன்பர் தம்மையும் ஆராய்தல் கடன். இயக்கி என்பாரும், ஓட்டி என்பாரும், செலுத்தி என்பாரும் என ஒரு கருவிக்கு மூன்று பெயர் வழங்குவார் உளர். இலக்கியத்தில் ஒருபொருட் பன்மொழி அணியாகலாம். தொழிலில் அது பிணி. மாணவன் ஒரு நூலில் ஒன்றைக் கற்று மறுநூலில் மற்றொன்றைக் கண்டு மயங்கி, இறுதியில் ஆங்கிலத்தையே நாடுகின்றான். குற்றம் மாணவனுடையது அன்று.

யூ-பூட்டிலும் இதே நோய் இருந்தது. ஒவ்வொரு பலகையாரும் தத்தம் முறையில் எழுதினர். புதிய நெறி வந்த அன்றே பழையது தூக்கியெறியப்படவில்லை. இரண்டும் சில ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன. மாறுவோர்க்கு வழிகாட்டும் குறிப்புகள் எழுதப்பட்டன. பின்னர்க் காலவரம்பு அறிவிக்கப்பட்டது. வரம்பு கடந்தும் மாறாதனவும், பேணுவார் அற்றனவுமாகிய பலகைகளின் நிரல்கள் நீக்கப்பட்டன. பொறுமையும் உறுதியும் ஒருங்கே இருந்தமையால் நெறி நிலைபெற்றது. கலைச்சொல் ஆக்கத்துக்கும் இதுவே வழி. கலப்புச்சொல் வழங்குவாரை எள்ளுவதால் ஒரு சொல்லும் நிலைபெற்றதில்லை. ஒரு பொருட்கு ஒரு சொல் எனத் துணிந்து, அதனை வைத்துப் பாடம் எழுதி, பாடத்தை வைத்து வேலை செய்துகாட்டினால், சொல் தானே நிலைபெறும். பயன்பாட்டுக்கு வாராத சொற்பட்டியல், எக்கருவியோடும் பிணையாத இயக்கி போன்றது. பிழையின்றி எழுதப்பட்டிருக்கலாம், எழுப்பப்படுவதே இல்லை.

ஆகவே இளந்தமிழர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, மணற்பெட்டியில் யூ-பூட்டை இயக்கி, இருகம்பிப் பாட்டையை உசாவி, நிகழ்வதைத் தமிழிற் குறித்து வைப்பது. இரண்டாவது, பாட்டை, இயக்கி, கருவி மரம், தொடக்க ஏற்றி, பிணைத்தல், எழுப்புதல் என்னும் இச்சிறு தொகுதியையேனும் மாறாது ஆண்டு, ஒரு முழுப் பாடநூல் எழுதுவது. மூன்றாவது, ஒரே ஒரு பிழையையேனும் கண்டு திருத்தி, உலகோர் ஆராய முன்வைப்பது. திருத்தத்தின் அடியில் பதியும் பெயர் தமிழ்ப்பெயராக இருக்கட்டும். அப்பெயர்க்கு உரியார் தமிழிற் கற்றவராகவும் இருக்கட்டும். அறிவியல் தமிழில் வருமா என்னும் வினாவுக்கு மேடையில் விடை கூறுவதினும் அவ்வோர் அடி வலிய விடையாகும்.

ஏர் காத்திருக்கின்றது; பூட்டுவார் வருக!

தமிழ் வாழ்க! தமிழர் அறிவு ஓங்குக!